எல்லை தாண்டிய பேய்கள்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞ்ஞத்தை அடுத்துத் தென்னந்தோப்புகளிடையே அமைந்த ஊர் கோட்டுகால். குடைவரைக் கோயிலால் பெயர் பெற்ற கொல்லம் மாவட்டத்துக் கோட்டுக்கல் வேறு; இவ்வூர் வேறு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய திருவிதாங்கூரின் தென்கோடியிலிருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் 4 வட்டங்கள் சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோட்டுகால், பாறசாலை முதலிய ஊர்கள் அன்று முதல் எல்லையை அடுத்த ஊர்களாயின. நிலத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வரிவசூலுக்கும் அந்த எல்லை பொருந்திற்று. பேய்கள் மட்டும் அதனை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

பேய்கள் என்று நாம் ஈண்டுக் குறிப்பது திரைப்படப் பேய்களை. சிறு செலவில், ஒரே வீட்டுக்குள், ஒப்பனை முகத்தில் அப்பிய மாவு வெளிப்படையாகத் தெரியும்படி எடுக்கப்பட்டு, அச்சத்தைக் காட்டிலும் நகைப்பையே மிகுதியாக விளைவிக்கும் படங்கள் தமிழிலும் மலையாளத்திலும் பல வந்துள்ளன. கற்றோர் இவற்றைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. ஆயினும் மக்கள் இவற்றை விரும்பிப் பார்க்கின்றனர். அவ்விருப்பத்தின் வேர் யாது என்று தேடுவோர்க்கு, எல்லைப்புறம் நல்லதொரு நிலைக்களமாகும்.

தமிழகத்துப் பேய்களுள் மூத்தவள் பழையனூர் நீலி. தொண்டை நாட்டில் திருவாலங்காட்டை அடுத்தது பழையனூர். கணவனால் கொலையுண்ட பெண்ணொருத்தி பேயாகி, மறுபிறப்பில் அவனைத் தொடர்ந்து வருகின்றாள். கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் கணவர். என்னைக் கைவிட்டார்' என்று ஊரார்முன் அழுகின்றாள். வேளாளர் 70 பேர் அவ்வழுகையை நம்பி, அவன் உயிருக்குத் தாம் பிணை என்று வாக்களித்து, அவனை அவளோடு அனுப்புகின்றனர். அவன் மாண்டான், சொன்ன சொல் தவறாது அவர்களும் தீப்புகுந்தனர். நடுங்கத்தக்க கதைதான். ஆனால் இன்று நம் வீடுகளில் அது எவ்வாறு வழங்குகின்றது? பொய்யாக அழும் பிள்ளையைப் பார்த்து, 'நீலிக்கண்ணீர் வடிக்காதே' என்கின்றோம். 70 உயிரைக் கொண்ட கண்ணீர், சமையலறைக் கேலியாக முடிந்தது! அச்சத்தை நகைப்பாக மாற்றும் வேலையைத் திரைப்படம் தோன்றுமுன்பே மொழி செய்துவிட்டது.

சமணரும் இவளை விட்டுவைத்தாரில்லை. 'நீலகேசி' என்னும் தருக்க நூலில், முனிவர் ஒருவரை வெருட்ட வந்த நீலி, அவர் சற்றும் அஞ்சாமை கண்டு அடங்கி, அவரிடமே அறங்கேட்டுப் பிற சமயத்தாரோடு வாதுக்குப் புறப்படுகின்றாள். பேய் வழக்குரைஞரானது போலத்தான்.

இந்த நீலி தெற்கே வந்தாள். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில், நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டுப் பக்கம் அவள் கதை நிகழ்கின்றது. பொன்னுக்காகக் கொல்லப்படும் பெண், அருகிருந்த கள்ளிச்செடியைச் சாட்சி வைத்து உயிர் விடுகின்றாள். பின்னர் மேற்கே நகர்ந்து மலையாளம் பேசலானாள். கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிகமாலை'யில் பஞ்சவன்காட்டு யட்சியாக, வழிப்போக்கரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு நிற்பவள் இவளே. கடமற்றத்துக் கத்தனார் என்னும் மந்திரவாதப் பாதிரியார் சுண்ணாம்பை இரும்பாணியின் நுனியில் வைத்து நீட்டி, அவள் தலையில் அந்த ஆணியை அறைந்து பணியவைக்கின்றார். அதன்பின் நடப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். யட்சி காயங்குளத்தில் ஒரு மூதாட்டியின் இல்லத்தில் வேலைக்காரியாக அமர்கின்றாள்! ஒரு நாள் அம்மூதாட்டி அவள் தலையை வருடுகையில் ஆணி கையில் தட்டுப்பட, ஐயோ பாவம் என்று பிடுங்கிவிடுகின்றாள்; யட்சி பறந்துவிடுகின்றாள். குருதி குடிப்பவள் பாத்திரம் தேய்ப்பதும், மந்திரத்தால் கட்டியதை ஒரு பாட்டியின் பரிவு அவிழ்ப்பதும் இன்றைய பேய் நகைச்சுவைப் படத்தில் அப்படியே பொருந்தும் காட்சிகள் அல்லவா?

திரைக்கு வருவோம். இத்தகைய படங்களில் மலிவையே ஒரு கலையாக்கியவர் பி. விட்டலாச்சாரியா. உடுப்பிப் பக்கத்தவர், கன்னடத்தில் தொடங்கி, தெலுங்கில் பெரும் பெயர் பெற்றவர். 1978இல் வெளிவந்து, தமிழிலும் பேசிய 'ஜெகன்மோகினி'யில் அடுப்புக்கு விறகில்லாமையால் பேய் தன் கால்களையே அடுப்பில் நீட்டிச் சமைக்கும் காட்சி ஒன்றுண்டு. அதைக் கண்டவர் மறப்பதில்லை. அக்காட்சியின் தந்திரம் குழந்தைக்கும் புலப்படும். புலப்படுவதுதான் அதன் இன்பம். தெருக்கூத்தில் அரக்கன் வேடம் கட்டியவர் நம் ஊர்க்காரர் என்று தெரிந்தே நாம் பின்வாங்குவதும், பின்வாங்கிய நம்மை நாமே எண்ணிச் சிரிப்பதும் போன்றது அது. செலவு மிகுந்த படம் நம்மை ஏமாற்ற முயல்கின்றது. செலவு குறைந்த படமோ நம்மைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கின்றது. தனியே பார்த்தால் இவை சப்பென்றிருக்கும். கொட்டகையில் ஒருவர் அலற, அடுத்தவர் அந்த அலறலைக் கேட்டுச் சிரிக்க, அச்சிரிப்பில் அலறியவரும் கலந்துகொள்ளும்போதே இவற்றின் சுவை முழுமையாகும்.

பம்பாயிலும் இதே நிலைதான். கராச்சியில் வானொலிப் பெட்டிக் கடை வைத்திருந்து, நாட்டுப் பிரிவினைக்குப் பின் பம்பாய்க்கு வந்த குடும்பம் ராம்சே குடும்பம். (வானொலிக்கும் பேய்க்கும் ஏதோ தொடர்புண்டு போலும்!) 1970இல் அவர்கள் எடுத்த படம் ஒன்று தோற்றது. ஆயினும் அதில் பிருதிவிராஜ் கபூர் முகமூடி அணிந்து அச்சுறுத்தும் ஒரு காட்சியை மட்டும் மக்கள் விரும்பிக் கண்டனர். அதைக் குறித்துக்கொண்ட அச்சகோதரர்கள், 1972 முதல் சிறு குழுவோடும் சிறு செலவோடும் பேய்ப்படங்களாகவே எடுக்கலாயினர். அமெரிக்காவில் ராஜர் கார்மன் என்பார், ஆளை விழுங்கும் செடியொன்றைப் பற்றிய நகைச்சுவைப் படத்தின் முதன்மைப் படப்பிடிப்பை 2 நாளில் முடித்து, 1960இல் வெளியிட்டார்.

தமிழில் இவ்வகை பெருவழக்கானது அண்மையில்தான். ராகவா லாரன்ஸின் 'முனி' 2007இலும் 'காஞ்சனா' 2011இலும் வந்தன. 2014இல் 'யாமிருக்க பயமே', 'அரண்மனை' ஆகியன தொடர்ந்தன. இவற்றுள் பல ஒரே அச்சில் வார்த்தவை என்பதை மறுப்பதற்கில்லை. சிலவற்றில் பேயைவிட நகைச்சுவையே நம்மை அதிகம் அச்சுறுத்துகின்றது. ஆனால் 'காஞ்சனா'வைத் தனித்துச் சொல்ல வேண்டும். அதில் பேய்க்கு அஞ்சித் தாயின் பின்னே ஒளியும் கதாநாயகனின் உடலில், கொலையுண்ட திருநங்கை ஒருவரின் ஆவி புகுகின்றது. முதற்பாதி முழுதும் சிரித்த கூட்டம், அவ்வாவி தன் கதையைச் சொல்லும்போது அமைதியாகக் கேட்கின்றது. வெளியே பேசினால் கேட்பார் இல்லாத ஒருவரின் முறையீட்டை, நகைப்பு என்னும் வாயில் வழியாக உள்ளே அழைத்து வந்துவிட்டது இப்படம். பழையனூர் மன்றத்தில் நீலி அழுததும் முறையீடே. ஆயின் அங்கே அவளது உண்மைக் கதையைக் கேட்டவர் எவருமில்லை.

எல்லைக்குத் திரும்புவோம். 1993இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' மலிவான படமன்று. மிகத் தேர்ந்த படம். ஆனால் அச்சத்தையும் நகைப்பையும் ஒரே வீட்டில் குடிவைத்த முறையால் பின்வந்த படங்கள் பலவற்றுக்கு அதுவே வழிகாட்டி. அதன் படப்பிடிப்பில் ஒரு பகுதி, 1956இல் தமிழ்ப்பக்கம் வந்துவிட்ட பத்மநாபபுரம் அரண்மனையில் நிகழ்ந்தது. அதில் மலையாளத் தரவாட்டை ஆட்டிவைக்கும் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொணரப்பட்ட நாட்டியப் பெண். அவள் பேசுவது தமிழ்! கங்கையாக நடிக்கும் ஷோபனாவுக்கு ஒரு குரல். அவளே நாகவல்லியாகும்போது தமிழ்க் குரற்கலைஞர் துர்காவின் குரல்.

அப்படம் ஊர் ஊராகப் போன வரலாறு இன்னும் சுவையானது. 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாயிற்று. பேய் தெலுங்கு பேசிற்று. 2005இல் தமிழில் 'சந்திரமுகி'யாயிற்று. இங்கும் பேய் தெலுங்கச்சியே. 2007இல் இந்தியில் எடுத்தபோது பேய் வங்கத்து நாட்டியப் பெண்ணாக வந்தது. தன் மொழியிலேயே பேசும் பேயை எவரும் விரும்பவில்லை. தமிழ்ப்படங்களுக்கோ மாந்திரீகம் என்றால் மலையாள நாடுதான். 2019இல் வெளிவந்த 'தில்லுக்கு துட்டு 2'இல் சந்தானம் அஞ்சி நடுங்குவது மலையாள மந்திரவாதி ஒருவர்முன். ஆக, மலையாளத்தார்க்குப் பேய் தெற்கே தமிழ் நாட்டிலிருந்து வருகின்றது; தமிழர்க்கு மந்திரவாதி மேற்கே மலையாளத்திலிருந்து வருகின்றார். இருவரும் ஒருவரையொருவர் கடந்து செல்வதாயின், பாறசாலைச் சாலையில்தான் எங்கேனும் சந்தித்திருத்தல் வேண்டும்!

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இச்சிரிப்பில் ஒரு முள்ளும் உண்டு. அயலார் மொழி காதில் விழுந்தவுடன் கொட்டகை சிரிக்கின்றதென்றால், சிரிக்கப்படுவது பேயா, மொழியா? நாம் பேசும் தமிழ் வேற்றூரில் ஒருவர்க்கு நாகவல்லியின் தமிழாகக் கேட்கலாம். நம் படங்களில் வரும் கொச்சை மலையாளம், கோட்டுகாலில் அமர்ந்து பார்ப்பவர்க்கு எவ்வாறு கேட்கும்? இதனை நம் நகைச்சுவையாளர்கள் பலர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. துர்காவின் குரலை நகைப்புக்கிடமாக்காமல், ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் சினமாக ஒலிக்கவிட்ட ஃபாசில் எண்ணியிருக்கின்றார்.

நீலி இன்னும் ஓய்வு பெற்றாளில்லை. 1979இல் எம். கிருஷ்ணன் நாயர் அவள் பெயரால் 'கள்ளியங்காட்டு நீலி' என்னும் மலையாளப் படத்தை எடுத்தார். 2025இல் டொமினிக் அருண் இயக்கிய 'லோகா' அவளைப் பேய்நிலையினின்றும் உயர்த்தி வீராங்கனையாக்கிற்று. தமிழிலும் அது பேசிற்று. அதில் அவள் கள்ளியங்காட்டில் இல்லை. பெங்களூருக்குக் குடிபெயர்ந்து, வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காப்பிக் கடை ஒன்றில் இரவு வேலை பார்க்கின்றாள்.