முடிச்சாயமும் முகக் கிறீமும்: அழகுப் பொருள் சட்டம் நல்லூரை வந்தடைந்த கதை

யாழ்ப்பாணத்து நல்லூர்ச் சுற்றாடலில் உள்ள சலூன்களில் பாவிக்கும் முடிச்சாயப் பைக்கற்றுகளைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் நுணுக்கமான எழுத்தில் இரண்டு எச்சரிக்கைகள் தெரியும். தலையில் பூசுமுன் தோலில் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. புருவத்துக்கும் இமைக்கும் பூசினால் கண் போகலாம் என்பது மற்றது. மீசைக்கு டை அடிக்க வந்து கதிரையில் அமர்ந்தவரை "நாளையிண்டைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்பும் சலூன்காரரைக் காண்பது அரிது. ஆனாலும் அந்த இரண்டு வரிகளும் சும்மா வந்தவை அல்ல.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் விற்பனையானது. அதிலிருந்த பரா-பெனிலீன்டையமின் என்ற இரசாயனம் பெண்களின் கண்களைப் புண்ணாக்கியது. பார்வையை இழந்தவர்களும் உண்டு. அரசால் தலையிட முடியவில்லை. 1906ஆம் ஆண்டின் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே பேசியது. 1938இல் வந்த புதிய சட்டம் அழகுப் பொருள்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் நிலக்கரித் தாரிலிருந்து பெறும் முடிச்சாயங்களுக்கு ஒரு விலக்கு கிடைத்தது: எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டால் விற்கலாம். சாயத்தைத் தடுப்பதற்குப் பதிலாகப் பொறுப்பை வாங்குபவரின் தலையில் கட்டிய ஏற்பாடு இது. நல்லூர்ச் சலூனில் இருக்கும் பைக்கற்றின் பின்புறத்து வரிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தெற்காசியாவில் அழகுப் பொருள் சட்டம் மருந்துச் சட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தது. இந்தியாவின் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் 1962இல்தான் அது நுழைந்தது. இலங்கையில் 1949இல் உணவு, மருந்துச் சட்டம் வந்தது. அதன் பெயரில் அழகுப் பொருளுக்கு இடம் இல்லை. 1980இல் உணவுக்கு 26ஆம் இலக்கச் சட்டமும், அழகுப் பொருள்கள், சாதனங்கள், மருந்துகளுக்கு 27ஆம் இலக்கச் சட்டமும் அடுத்தடுத்துப் பிறந்தன. தோல், முடி, பல் ஆகியவற்றைச் சுத்தம் செய்யவோ அழகுபடுத்தவோ விற்கும் பொருள்கள் முதன்முறையாகச் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் அதிகாரத்துக்குள் வந்தன.

சட்டம் கொழும்பில் இயங்கத் தொடங்கிய காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் சீயாக்காயும் வெந்தயமும் செவ்வரத்தமிலையும் தேசிக்காயும்தான் பெரும்பாலும் புழங்கின. உள்ளூரில் பேர் பெற்ற தொழிற்சாலைப் பண்டம் என்றால் மில்க்வைற் சவர்க்காரம். சட்டம் இங்கே கால் ஊன்றுமுன் போர் வந்துவிட்டது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையில் சவர்க்காரமே கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த சனம், கிறீமின் தரத்தைப் பற்றி யாரிடம் முறையிடும்?

2002இல் ஏ-9 வீதி திறந்ததும், 2009க்குப் பின் இன்னும் வேகமாகவும், கடைத் தட்டுகள் நிறைந்தன. முகத்தை வெண்மையாக்கும் கிறீம்களும் அவற்றோடு வந்தன. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகத் தேவையான நொதியை, இவற்றுள் சிலவற்றில் கலந்திருக்கும் பாதரசம் முடக்குகிறது. அதனால்தான் சில கிழமைகளிலேயே முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 'கிறீம் வேலை செய்கிறது' என்ற நம்பிக்கையும் அது செய்யும் கேடும் ஒரே மூலத்திலிருந்து வருவதால், பாவித்தவர் சொல்லும் சாட்சியத்தை நம்ப முடியாது. சுற்றாடல் நீதிக்கான நிலையம் இலங்கைச் சந்தையில் வாங்கிச் சோதிப்பித்த கிறீம்கள் சிலவற்றில், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை வகுத்த பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற எல்லையைப் பல மடங்கு தாண்டிப் பாதரசம் இருந்தது. இலங்கை 2017இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. 2023இல் அந்த எல்லையும் நீக்கப்பட்டு, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பது என உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன.

வெளியே விதி இறுகிய அதே காலத்தில் உள்ளே அது தளர்ந்தது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கிய 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. மருந்துக்கு அது நல்ல சட்டம். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே முன்வைத்த மருந்துக் கொள்கைக்கு நெடுங்காலம் காத்திருந்து கிடைத்த பலன். ஆனால் அது மருந்து, மருத்துவ சாதனம், இரண்டுங்கெட்டான் பொருள்கள் ஆகியவற்றைத்தான் பேசுகிறது. 35 ஆண்டுகள் தலைப்பில் முதற்சொல்லாக நின்ற 'அழகுப் பொருள்' தனி வகையாக அதில் இல்லை. இதைக் கவனக்குறைவு என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. அழகுப் பொருளை மருந்தின் சிறு பிள்ளையாகவே பார்த்துப் பழகியதன் விளைவு இது.

எஞ்சியிருப்பது சிதறிய பொறுப்பு. லேபலும் விலையும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு. 'மூலிகை' என்று எழுதிவிட்டால் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் பேச வேண்டும். ஆனால் மூலிகைப் பெயரும் ஏமாற்றலாம்: மருதோண்டி தானாகத் தருவது செம்மை நிறம் மட்டுமே. கறுப்பு மருதோண்டி என்று விற்பவற்றில் அதே பரா-பெனிலீன்டையமினைக் கலப்பது உலகெங்கும் பதிவான மோசடி. உள்ளூராட்சியிலும் எல்லைக்கோடு உண்டு: நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வீதி யாழ்ப்பாணம் மாநகர சபைக்கு, கொக்குவிலும் கோண்டாவிலும் நல்லூர் பிரதேச சபைக்கு. சலூனைப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண் துவாயையும் சவர அலகையும்தான் முதலில் தேடும். அந்தக் கோயிலின் இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருவோரின் சூட்கேசுகளில் உறவினருக்காக வரும் கிறீம்களோ இந்த வலை எதிலும் விழுவதில்லை.

உணவுக்கு இருப்பதுபோல அழகுப் பொருளுக்கும் தனிச் சட்டம் வேண்டும். அதைக் கடையிலும் சலூனிலும் நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பரிசோதகருக்கு வேண்டும். அது வரும்வரை, இறக்குமதியாளரின் பெயரும் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். கடையில் கண்டால் 1977 என்ற நுகர்வோர் அதிகாரசபை இலக்கத்துக்கு அறிவியுங்கள்.