ஊதல் ஏந்திய ஆசிரியர்கள்

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் வென்றவர் பெயரை எழுதுகிறார்கள்; தோற்றவர் பெயரையும் சில வேளை எழுதுகிறார்கள். இவ்விருவருக்கும் நடுவே ஊதலை வாயில் வைத்துக்கொண்டு ஓடியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவர் தவறு செய்தால்தான் அவர் பெயர் வெளியே வரும். மாணவ நண்பர்களே, இன்று அந்த நடுவரைப் பற்றியே பேச எண்ணுகிறேன். அவர் எங்கிருந்து வந்தார், அவரைப் பயிற்றியவர் யார், பயின்றவர்களிற் பலர் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே ஊதலைக் கழற்றி வைத்துவிட்டு ஏன் போய்விடுகிறார்கள் என்னும் கேள்விகள் நம் திருப்பூர் வட்டாரத்துக்கு மிக நெருங்கியவை.

நடுநிலை என்பது தமிழருக்குப் புதிய எண்ணம் அன்று. திருக்குறளில் நடுவு நிலைமை என ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆயினும் ஆடுகளத்துக்கென ஒரு தனி நடுவர், அவர் படிக்க ஒரு விதிநூல், எழுத ஒரு தேர்வு என்பனவெல்லாம் அண்மைக்காலத்து ஏற்பாடுகளே. ஊர்ப் பொட்டலில் சடுகுடு ஆடிய நாளில், பாடிச் சென்றவன் மூச்சு விட்டானா இல்லையா என்பதைச் சுற்றி நின்றவர்களே தீர்த்தார்கள். வழக்கு முற்றினால் பெரியவர் ஒருவர் சொல்லுவார். அவர் சொல் செல்லுபடியானதற்குக் காரணம் அவருக்கு விதி தெரியும் என்பதன்று. ஊர் அவரை மதித்தது என்பதே. கோட்டின் அளவும் ஆட்களின் கணக்கும் ஊருக்கு ஊர் வேறாக இருந்தன. ஊரும் ஊரும் மோத நேர்ந்தபோதுதான் அந்தப் பெரியவர் போதாமற் போனார். எந்த ஊர்ப் பெரியவர் என்ற கேள்வி எழுந்துவிட்டதல்லவா?

இங்கிலாந்திலும் இதே கதைதான் நடந்தது. தொடக்கத்தில் கால்பந்தாட்டத்திற்கு நடுவரே இல்லை. கனவான்கள் ஆடும் ஆட்டத்தில் வேண்டுமென்று தவறு செய்வார் இரார் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னர் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வந்தனர்; அவரவர் கட்சிக்கே அவரவர் வாதாடவும் தொடங்கினர். அவர்கள் ஒத்துப்போகாத வேளையில் முடிவு சொல்ல மூன்றாம் மனிதர் ஒருவரைக் களத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். 1891-ஆம் ஆண்டில்தான் அந்த மூன்றாம் மனிதர் களத்துக்குள் வந்தார். அம்பயர்கள் எல்லைக் கோட்டுக்குச் சென்றனர். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், வொய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைப் புனைந்தார். அவர் எழுதிய 13 விதிகளில் இரண்டு, நடுவர்களைப் பற்றியவை. ஒருவர் ஆட்களைக் கவனிக்க வேண்டும். மற்றவர் பந்தைக் கவனிக்க வேண்டும். ஆட்டத்தை உண்டாக்கிய அன்றே நடுவரையும் சேர்த்து உண்டாக்கியவர் ஓர் ஆசிரியர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாகாணத்தில் அந்நாளில் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில் என்றே பொருள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் பலர் அதைக் கற்பித்தார்கள். வரிசையாக நில், கையை உயர்த்து, திரும்பு என்பதற்கு ஆணை போதும், தீர்ப்பு வேண்டுவதில்லை. இந்த நிலையை மாற்றியவர் ஹாரி குரோவ் பக் என்னும் அமெரிக்கர். 1919-இல் இந்தியாவுக்கு வந்த அவர், 1920-இல் சென்னையில் உடற்கல்விக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வொய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. 1924-இல் பாரிசு ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு மேலாளராகவும் அவரே சென்றார். 1943-இல் அவர் காலமானார்.

பக் செய்த பணிகளுள் மற்றவர்கள் அதிகம் பேசாத ஒன்றையே நான் பெரிதாக மதிக்கிறேன். பல விளையாட்டுகளின் விதிகளை ஒரே நூலாகத் தொகுத்து வெளியிட்டார். பயிற்சி பெற வந்தவர் ஆடக் கற்றால் மட்டும் போதாது. களத்தை அளந்து கோடு போடவும், சைகை காட்டவும், ஊதல் ஊதவும், புள்ளிக் கணக்கு எழுதவும் கற்க வேண்டும். அவ்வாறு கற்றவர் ஒரு பள்ளிக்கு ஆசிரியராகப் போனால் அந்த வட்டாரத்துக்கே ஒரு நடுவர் கிடைத்துவிட்டார் என்று பொருள். தனியே நடுவர் பள்ளி என்று ஒன்று நமக்கு வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் நடுவர் வளர்ந்த நாற்றங்கால் உடற்பயிற்சி ஆசிரியரின் பதவியேயாகும்.

கொங்கு நாட்டுக்கு அந்த நாற்று வந்த வழிகளில் ஒன்றைச் சொல்லுகிறேன். திருப்பூரில் 1903-இல் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம், 1930-இல் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராகவும் இருந்தார். அவருடைய வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் விரிந்து வளர்ந்தபோது அங்கே மாருதி உடற்கல்விக் கல்லூரியும் தோன்றியது. சென்னைக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் பக்கத்திலேயே படித்துவிட்டு அவினாசி, பல்லடம், உடுமலை, காங்கயம் என்று சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். காலையில் வழிபாட்டுக் கூட்டத்தை ஒழுங்கு செய்பவரும், மாலையில் கைப்பந்து வலையைக் கட்டுபவரும், குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று அங்கே வேறு பள்ளிகளின் ஆட்டத்துக்கு நடுவராக நிற்பவரும் ஒரே மனிதர். இதற்கெனத் தனியான புகழ் எதுவும் அவருக்கு இல்லை. பஞ்சுமிட்டாய் நிறத்தில் ஒரு தொப்பியும் கழுத்தில் ஒரு கயிறும் இருந்தால் அவர்தான் நடுவர் என்று பிள்ளைகள் அறிந்துகொள்வார்கள்.

ஆசிரியரே நடுவராவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. கால்பந்தாட்டத்தில் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை காட்டுகிறார்களே, அந்த யோசனையைத் தந்தவர் கென் ஆஸ்டன் என்னும் ஆங்கிலேயத் தலைமையாசிரியர். 1962-இல் சிலி நாட்டுக்கும் இத்தாலிக்கும் நடந்த ஆட்டம் கைகலப்பாக மாறியபோது நடுவராக நின்றவர் அவரே. 1966-இல் உலகக் கோப்பைப் போட்டியில், எச்சரிக்கப்பட்டவருக்கே தாம் எச்சரிக்கப்பட்டது விளங்காமற் போன குழப்பத்தைக் கண்டார். தெருவில் போக்குவரத்து விளக்கின் முன் நின்றபோது, மொழி தெரியாதவனுக்கும் நிறம் விளங்குமே என்று அவருக்குத் தோன்றியது. 1970-இல் மெக்சிகோவில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. வகுப்பின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய ஒருவருக்கே இத்தகைய எண்ணம் தோன்றும் என்பது என் கட்சி.

ஆசிரியர்களைப் போலவே ஆடி முடித்தவர்களும் நடுவர் ஆனார்கள். சென்னையின் வெங்கடராகவன் 57 டெஸ்டு ஆட்டங்களில் பந்து வீசியவர். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவின் தலைவர். 1983-இல் கடைசி டெஸ்டை ஆடிவிட்டு, பத்தாண்டுகள் கழித்து 1993-இல் அம்பயராகக் களத்துக்குத் திரும்பினார். அம்பயராக அவர் நின்ற டெஸ்டுகள் 73. ஆடியவற்றைக் காட்டிலும் அதிகம். 2002-இல் உலகக் கிரிக்கெட் அமைப்பு முதன்முதலாக உயர்நிலை அம்பயர் குழுவை அமைத்தபோது அதில் அவரும் இடம்பெற்றார். அதே 2002-இல் சென்னையைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர், கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் துணை நடுவராக எல்லைக் கோட்டில் ஓடினார். இந்தியக் கால்பந்து அணி நுழைய முடியாத களத்தில் ஓர் இந்தியர் கொடி பிடித்து நின்றார்! திண்டுக்கல் ரூபா தேவி, இந்தியாவுக்காக ஆடிய பின்னர்ப் பன்னாட்டு நடுவராக உயர்ந்தவர். இது எளிய தேர்வன்று. கால்பந்து நடுவர்களுக்கு வகுத்த ஓட்டத் தேர்வு ஒன்றில், 75 மீட்டர் ஓட வேண்டும், 25 மீட்டர் நடக்க வேண்டும். இப்படியே நாற்பது முறை. அதற்கு முன்பே விரைவோட்டங்கள் தனியாக உண்டு.

உள்ளூர் நடுவர் உள்ளூர் அணிக்கே சாய்வார் என்னும் ஐயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1986-இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டுக்கு வி. கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்னும் இரண்டு இந்தியர்களை அம்பயர்களாக அழைத்தார்கள். பாகிஸ்தான் மண்ணில் இந்தியர் சொன்ன தீர்ப்பை இரு கட்சியும் ஏற்றன. டெஸ்டுகளில் பொதுநாட்டு அம்பயர் என்னும் முறை நிலைபெற மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. நம் கொங்குச் சீமைக் கபடிப் போட்டிகளில், இறுதியாட்டத்துக்கு வெளியூர் நடுவரைத் தேடிப் பிடிக்கும் வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன், காரணம் ஒன்றே.

இனித் திருப்பூருக்கு வருவோம். 1920-களில் அரும்பிய பின்னலாடைத் தொழில், 1970-களில் கடல் கடந்து போகத் தொடங்கியது. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. தென்மாவட்டங்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம், ஞாயிறு விடுமுறை. எனவே சனி இரவு விளக்கொளியில் கபடியும், ஞாயிறு காலையில் கிரிக்கெட்டும் கைப்பந்தும். பரிசுக் கோப்பைக்குப் பணம் தர பனியன் கம்பெனிகள் உண்டு. அணிந்துகொள்ளும் பனியனுக்கோ சொல்லவே வேண்டாம். ஆடுவோர் பல்கிப் பெருகினர். நடுவர் அவ்வாறு பெருகவில்லை.

ஏன் பெருகவில்லை? ஓவர்லாக் மிஷினில் அமர்ந்து பீஸ் கணக்கில் தைக்கும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். நன்றாகக் கபடி ஆடியவன். முழங்கால் அடிபட்டு ஆட்டத்தை விட்டவன். நடுவர் பயிற்சி வகுப்பு என்றால் அவனுக்கு இரண்டு மூன்று நாள் கூலி போயிற்று. ஆர்டர் முடிக்க வேண்டிய வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடும்போது கேட்கவே வேண்டாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றாலும் ஆட்டத்துக்குக் கிடைக்கும் படி, அவன் இழந்த கூலிக்கு ஈடாவதில்லை. ஆதலால் மாதச் சம்பளமும் விடுப்பும் உடைய பள்ளி ஆசிரியரே மறுபடியும் ஊதலை எடுக்கிறார். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் ஒன்று காலியாகக் கிடந்தால் ஒரு பள்ளியின் விளையாட்டு மட்டும் நிற்பதில்லை. அந்த வட்டாரத்தில் ஒரு நடுவர் குறைகிறார். இந்தக் கணக்கை எழுதுவோர் இல்லை.

கூலியைவிடக் கொடியது வசை. நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், ஒரு குறுவட்டப் போட்டியின் கைப்பந்து இறுதியாட்டத்தில் இளம் ஆசிரியை ஒருவர் கடைசிப் புள்ளிக்கு ஊதல் ஊதினார். பந்து கோட்டில் பட்டதென்பது அவர் தீர்ப்பு. வேடிக்கை பார்த்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அரைமணி நேரம் விடவில்லை. மறு ஆண்டு அவர் என்னிடம் வந்து, “ஐயா, ஸ்கோர் எழுதும் மேசையைக் கொடுங்கள். விசில் வேண்டாம்” என்றார். கொடுத்தேன். மாநிலப் போட்டிச் சான்றிதழ் ஒன்று கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறது. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆகவே அந்தக் கோட்டில் பட்ட பந்து ஒரு குடும்பத்தின் சோற்றைத் தொடுகிறது என்பது எனக்கும் விளங்குகிறது. அதனாலேயே நன்கு பயின்ற நடுவர் வேண்டும் என்கிறேன். அவரை விரட்டிவிட்டுப் பயிலாதவரை நிறுத்தினால் யாருக்கு லாபம்?

மேல் நிலையிலும் இதுதான். 2023 அக்டோபரில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் இந்தியாவும் ஈரானும் மோதிய கபடி இறுதியாட்டம், பழைய விதியா புதிய விதியா என்று தெளியாமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. இந்தியா 33–29 என்று வென்றது; ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு பலமுறை மாறியதை உலகம் பார்த்தது. 2025 ஜூனில் கோவையில் திருப்பூர் அணியும் திண்டுக்கல் அணியும் ஆடிய தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டத்தில், பெண் அம்பயர் ஒருவர் தந்த எல்.பி.டபிள்யூ. தீர்ப்பை நாடறிந்த ஆட்டக்காரர் ஒருவர் களத்திலேயே எதிர்த்து வாதிட்டார். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்ததைப் படம் காட்டியது; அவருடைய வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் அவருக்கு ஆட்ட ஊதியத்தில் 30 விழுக்காடு அபராதம் விதித்தார்கள். தீர்ப்பு தவறாயினும் தீர்ப்பளித்தவரைக் காத்தாக வேண்டும் என்று அந்த அமைப்பு கருதியதை நான் சரியென்றே கொள்கிறேன்.

பெண்கள் இத்துறைக்குள் நுழைந்ததே அண்மையில். சென்னையைச் சேர்ந்த கணினிப் பொறியாளர் என். ஜனனி, அம்பயர் ஆக வேண்டுமென்று தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தைப் பலமுறை அணுகினார். பெண்களுக்கு விதியில் இடமில்லை. 2015-இல் விதி மாறியது. 2018-இல் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் இரண்டாம் நிலைத் தேர்வில் வென்று, கைநிறையச் சம்பளம் தந்த கணினி வேலையை விட்டார். 2023 ஜனவரி 10-ஆம் நாள், ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் முதன்முதலாகப் பெண்கள் அம்பயர்களாக நின்றார்கள். அன்று மூன்று ஊர்களில் மூவர். சூரத் நகரில் ரயில்வே அணியும் திரிபுரா அணியும் ஆடிய ஆட்டத்தில், வெள்ளைத் தொப்பியோடு விக்கெட்டுக்குப் பின்னால் போய் நின்றவர் ஜனனி.