இமயப் பனியின் சரித்திரம்

கங்கை கோமுகத்தில் பிறக்கிறது என்கிறோம். ஆனால் அக்கோமுகம் அசையாத ஓரிடமன்று. கங்கோத்ரிப் பனியாற்றின் வாயே கோமுகம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பனியாறு தேயத் தேய, அதன் வாயும் மலையின் மேற்புறமாகப் பின்வாங்குகிறது. டில்லியில் குடியேறிய நம்மவர் பலர் அருந்தும் நீரிலும் கங்கைக்குப் பங்குண்டு. ஆதலின் அப்பனியின் சரித்திரம் நமக்குப் புறம்பான செய்தியன்று.

அச்சரித்திரத்தை முதலில் எழுதியவர்கள் நடந்தே சென்றனர். 1935ஆம் ஆண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆடன் என்பார் பனியாற்று வாயின் நிலையை அளந்து படம் வரைந்தார். பின்வந்தோர் அப்படத்தோடு ஒப்பிட்டு, 1996 வரை அவ்வாய் ஆண்டுக்குச் சராசரி ஏறத்தாழ 19 மீட்டர் பின்வாங்கியதெனக் கணக்கிட்டனர். எனினும் இமயத்தில் பனியாறுகள் பல்லாயிரம் உள்ளன. ஆண்டில் சில மாதங்களே வழி திறக்கும் அம்மலைகளில், எத்தனை பனியாறுகளை மனிதன் நடந்து அளத்தல் கூடும்?

இவ்விடரை நீக்கும் சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைமை பாராட்டிய காலத்தில், 1971 முதல் 1984 வரை, ‘ஹெக்ஸகன்’ எனும் அமெரிக்க ஒற்றுச் செயற்கைக்கோள்கள் விண்ணிலிருந்து படமெடுத்தன. படச்சுருள்கள் பாராசூட்டில் இறங்க, விமானங்கள் அவற்றை நடுவானிலேயே பற்றிக்கொண்டன. ராணுவ நிலைகளைத் தேடிய அப்படங்களில் இமயப் பனியும் பதிந்தது. பின்னர் இரகசியம் நீக்கப்பட்டு, அவை ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தன.

ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களை இணைத்து நோக்கினால், இரு கண்களால் காண்பதுபோல் உயரமும் புலப்படும். கல்லும் மண்ணும் போர்த்திய பனியாறு, வாய் அதிகம் நகராமலே மெலியக்கூடும். ஆகவே நீளத்தினும் உயரத்தை அறிதல் இன்றியமையாதது. 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, அப்பழைய படங்களையும் பிற்காலப் படங்களையும் கொண்டு 650 பனியாறுகளை ஒப்பிட்டது. 1975 முதல் 2000 வரை அவை ஆண்டுக்குச் சராசரி கால் மீட்டர் தடிப்பை இழந்தன. அதன்பின் இழப்பு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. வெப்ப உயர்வே முதன்மைக் காரணம் என அவ்வாய்வு முடிவு செய்தது.

நம் நாடும் 1988இல் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பி, இப்பணிக்குத் தன் கண்ணைப் பெற்றது. பனி கரைந்த இடங்களில் ஏரிகள் தோன்றி வளர்வதை அத்தகைய படங்கள் காட்டின. அவற்றுள் ஒன்று வட சிக்கிமிலுள்ள தென் லோனக் ஏரி. அது உடையக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் 2013லேயே எழுதினர். 2016இல் குழாய்கள் வைத்து நீரை வடிக்கவும் முயன்றனர். 2023 அக்டோபர் 3ஆம் நாள் இரவு, பக்கக் கரை சரிந்து ஏரிக்குள் வீழ, நீர் பொங்கி உடைத்துக்கொண்டு பாய்ந்தது. சுங்தாங்கில் தீஸ்தா ஆற்றின் அணை அழிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செப்டம்பர் 28ஆம் நாள் 167 ஹெக்டேர் பரந்திருந்த ஏரி, அக்டோபர் 4ஆம் நாள் 60 ஹெக்டேராகச் சுருங்கியிருந்ததை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் படங்கள் காட்டின.

இதில் நாம் உணர வேண்டியது ஒன்றுண்டு. ஏரி வளர்வதைப் படங்கள் பல்லாண்டு காட்டின; கரை எந்த இரவில் சரியும் என்பதை அவை காட்டவில்லை. செயற்கைக்கோள் சில நாட்களுக்கு ஒருமுறையே ஓரிடத்தைக் கடக்கும். வெள்ளமோ சில மணி நேரத்தில் ஊரை அடைந்துவிடும். எந்த ஏரியைக் காவல் காப்பது என்பதை வானத்துக் கண் சொல்லும். காவல் காக்க ஏரிக்கரையில் கருவியும், ஆற்றோர ஊர்களில் அபாய மணியும், அம்மணி கேட்டதும் மேட்டுக்கு ஏறப் பழகிய மக்களும் வேண்டும்.