யுயோமயம்

யுயோமயம் (யுயோமய சபை) என்பது 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் நாட்டில் தோன்றிய கிறித்தவப் பிரிவு ஆகும். இயேசு கிறிஸ்து 1881ஆம் ஆண்டில் மீண்டும் வருவார் என்று முன்னறிவித்த எழுப்புதல் இயக்கம் ஒன்றிலிருந்து இது உருவானது. விவிலியத் தீர்க்கதரிசனங்களைப் பொருள்கொள்ளும் முறை பற்றியும் அவை நிறைவேறினவா என்பது பற்றியும் எழும் விவாதங்களுக்கு இது ஓர் இந்திய எடுத்துக்காட்டு. தீர்க்கதரிசனம் என்னும் சொல் சீர்திருத்தத் திருச்சபையினரிடையே வழங்குவது. தமிழ்க் கத்தோலிக்கர் இதனை இறைவாக்கு என்பர்.

பின்னணி

1860இல் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) தலைமையில், கிறிஸ்டியான்பேட்டையை மையமாகக் கொண்டு ஓர் எழுப்புதல் ஏற்பட்டது. பாவ அறிக்கை, அந்நிய மொழி பேசுதல், தீர்க்கதரிசனம் உரைத்தல் ஆகியன அதில் இடம்பெற்றன. இதன் தாக்கம் திருவிதாங்கூரையும் எட்டியது. 1873இல் அங்கும் பெரும் எழுப்புதல் உண்டானது.

யுஸ்தூஸ் யோசேப்பு

திருவிதாங்கூர் எழுப்புதலின் முதன்மைத் தலைவர் யுஸ்தூஸ் யோசேப்பு (1835–1887). இவர் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் ராமய்யன். வித்துவான் குட்டி என்றும் அறியப்பட்டார். 1861இல் மாவேலிக்கரையில் குடும்பத்தினருடன் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் ஆங்கிலிக்கன் சி.எம்.எஸ். மிசனின் குருவானார். கருநாகப்பள்ளிக்கு அருகிலுள்ள கண்ணேற்றி இவரது இயக்கத்தின் மையமாக விளங்கியது. இவர் இயற்றிய மலையாளக் கிறித்தவக் கீர்த்தனைகள் கேரளத் திருச்சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன.

1881 எதிர்பார்ப்பு

1875இல் இவ்வியக்கம் சி.எம்.எஸ். மிசனிலிருந்து பிரிந்தது. இரண்டாம் வருகைக்கு எஞ்சியதாகக் கருதப்பட்ட ஆண்டுகளை வைத்து, இவர்கள் 'அஞ்சரை வேதக்காரர்', 'ஆறு வருடக்காரர்' ஆகிய பெயர்களால் அழைக்கப்பட்டனர். குறித்த காலம் கடந்தும் எதிர்பார்த்தவாறு வருகை நிகழவில்லை. பலர் தம் பழைய திருச்சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோர், 1881ஐத் தோல்வியாகக் கொள்ளாது புதிய காலத்தின் தொடக்கமாகக் கொண்டு, யுயோமயம் என்னும் பெயரில் தொடர்ந்தனர்.

விளக்க முரண்பாடுகள்

நாள் கணிப்போர் பொதுவாக 'ஒரு நாள் ஓர் ஆண்டுக்குச் சமம்' என்ற முறையைப் பின்பற்றுவர். இதற்கு எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 ஆகிய வசனங்கள் ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர், தானியேல் 8:14இல் உள்ள 2300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு 1844 அக்டோபர் 22ஐ நாளாகக் குறித்தது இம்முறையாலேயே ஆகும்.

இதனை மறுப்போர் மத்தேயு 24:36ஐச் சுட்டுவர். அந்த நாளையும் நேரத்தையும் பிதாவைத் தவிர வேறெவரும் அறியார் என்பது அதன் பொருள். மேலும் உபாகமம் 18:22, நிறைவேறாத வாக்கு இறைவனிடமிருந்து வந்ததன்று எனக் கூறுகிறது. ஆனால், 'நிறைவேறுதல்' என்பது எது என்பதிலேயே இரு தரப்பினரும் வேறுபடுவதால் இந்த அளவுகோல் விவாதத்தை முடித்து வைப்பதில்லை.

ஒப்பிடத்தக்க நிகழ்வுகள்

1844க்குப் பின்னர் மில்லரைப் பின்பற்றியோருள் ஒரு பகுதியினர், கணக்கு சரியே, நிகழ்வே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்றும், கிறிஸ்து பரலோகத்தில் புதிய ஊழியத்தைத் தொடங்கினார் என்றும் விளக்கினர். இவர்களிடமிருந்து ஏழாம் நாள் அட்வெந்து சபை 1863இல் அமைப்பாக உருவானது. யெகோவாவின் சாட்சிகள், கிறிஸ்து 1914இல் கண்ணுக்குப் புலப்படாத வகையில் ஆட்சியைத் தொடங்கினார் என நம்புகின்றனர்.

பொய்த்ததாகத் தோன்றும் வாக்கு நம்பிக்கையை எப்போதும் அழிப்பதில்லை என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1956இல் வெளியிட்ட நூலில் வாதிட்டனர். அவர்கள் ஆராய்ந்த சிறு குழுவில் ஆய்வாளர்களே உறுப்பினர் போல் கலந்திருந்தமையால் அம்முடிவு விமர்சனத்திற்கும் உள்ளாகியுள்ளது. திருவிதாங்கூரில் விலகியோர், தொடர்ந்தோர் ஆகிய இரு சாராரும் இருந்தனர். ஆகவே ஒரே ஏமாற்றம் அனைவரையும் ஒரே முடிவுக்குக் கொண்டு செல்லவில்லை என்பதை யுயோமயத்தின் வரலாறு காட்டுகிறது.