முடிவிலிருந்து தொடங்கிய கணக்கு

சதுரங்கப் பலகையின் முன் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். எதிரியிடம் ராஜா மட்டுமே மிஞ்சியிருக்கிறது. உங்களிடம் ராஜாவோடு ஒரு மந்திரியும் ஒரு குதிரையும் உள்ளன. வெற்றி உங்களுக்குத்தான் என்று அருகில் இருப்பவர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் எதிரியின் ராஜாவோ எப்படி விரட்டினாலும் நழுவி நழுவிப் பலகையின் நடுவுக்கே வந்துவிடுகிறது! இந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். இதே சங்கடம் சதுரங்கம் ஆடும் கணிப்பொறிகளுக்கும் நெடுநாள் இருந்தது. அது எவ்வாறு தீர்ந்தது என்பதை இங்கே பார்ப்போம்.

பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டு, சில காய்களே எஞ்சி நிற்கும் கட்டத்தை இறுதியாட்டம் என்பர். வியப்பு என்னவென்றால், சதுரங்கம் ஆடிய முதல் உண்மையான இயந்திரம் இறுதியாட்டம் மட்டுமே ஆடியது. ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்டோ டோரெஸ் கெவேதோ 1912-இல் அதை அமைத்து, 1914-இல் பாரிஸ் நகரில் மக்களுக்குக் காட்டினார். இயந்திரத்திடம் வெள்ளை ராஜாவும் யானையும் இருக்கும். மனிதர் கறுப்பு ராஜாவை நகர்த்துவார். விதிக்கு மாறாக நகர்த்தினால் விளக்கு எரிந்து தவற்றைக் காட்டும்! கறுப்பு ராஜாவைத் தப்ப வழியின்றி மடக்கி, ஆட்டக்காரர்கள் 'மேட்' என்று சொல்லும் நிலைக்கு அது கொண்டுவந்துவிடும். ஆனால் குறுக்கு வழியில் அன்று. சில வேளைகளில் 50 நகர்த்தல்களுக்கும் மேலாகும். மனிதர் வகுத்த சில விதிகளை மின்சுற்றுகளில் பொருத்தியிருந்தார்கள், அவ்வளவே.

பின்னர் கணிப்பொறிகள் வந்தன. "நான் இதை நகர்த்தினால் அவர் எதை நகர்த்துவார்? அதற்கு நான் எதை?" என்று முன்னோக்கிப் பார்ப்பதே அவற்றின் வழி. ஒவ்வொரு முறையும் 10 வழிகள் உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஐந்தைந்து முறை நகர்த்துவதற்குள் வழிகள் 1,000 கோடியாகிவிடும். மந்திரி-குதிரை இறுதியாட்டத்திலோ மேட்டுக்கு 33 நகர்த்தல்கள் வரை தேவைப்படலாம். அத்தனை தொலைவு பார்க்க எந்தக் கணிப்பொறியாலும் இயலவில்லை. ஆகவே வெல்லும் நிலையிலும் அது திக்குத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

சிறுவர் பத்திரிகைகளில் முயலைக் காரட்டிடம் சேர்க்கும் புதிர்ப்பாதை வருமே, நினைவிருக்கிறதா? கெட்டிக்காரச் சிறுவன் காரட்டிலிருந்து தொடங்கி முயலிடம் வருவான். 1965-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் பெல்மன் சதுரங்க இறுதியாட்டங்களுக்கும் இத்தகைய வழியையே கூறினார். ஜெர்மனியில் தாமஸ் ஸ்ட்ரோலைன் சில எளிய இறுதியாட்டங்களை இம்முறையில் கணக்கிட்டு, 1970-இல் தம் ஆய்வேட்டில் அளித்தார்.

முறை இதுதான். குறிப்பிட்ட காய்கள் பலகையில் நிற்கக்கூடிய எல்லா நிலைகளையும் பட்டியலிடுங்கள். கறுப்பு ராஜா மேட் ஆகியுள்ள நிலைகளுக்கு முதலில் குறியிடுங்கள். குறியிட்ட நிலை ஒன்றுக்கு வெள்ளையால் ஒரே நகர்த்தலில் போக முடிந்தால், அந்த நிலைக்கும் குறியிடுங்கள். கறுப்பின் முறையாக இருந்தாலோ, அது எப்படி நகர்த்தினாலும் குறியிட்ட நிலையிலேயே போய் விழவேண்டும்; அப்போதுதான் குறி. வெள்ளைக்கு ஒரு வழி இருந்தாலே போதும். கறுப்புக்கோ எல்லா வழிகளும் அடைபட வேண்டும். இப்படியே படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். புதிதாகக் குறியிட எதுவும் இல்லாதபோது கணக்கு முடிகிறது. குறி பெறாத நிலைகளில் வெள்ளையால் வெல்ல முடியாது. இங்கே ஊகத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதன் வலிமையை உலகுக்கு உணர்த்தியவர் பெல் ஆய்வுக்கூடத்தின் கென் தாம்சன்; யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவர். ராணிக்கு எதிராக யானை நிற்கும் இறுதியாட்டத்துக்கு அவர் இத்தகைய அட்டவணையைத் தயாரித்தார். ராணி உள்ளவர் எளிதில் வெல்வார் என்று அதுவரை நூல்கள் கூறிவந்தன. அட்டவணைப்படி, வெல்லக்கூடிய எந்த நிலையிலும் 31 நகர்த்தல்களுக்குள் யானையைப் பிடிக்கலாம், அல்லது மேட் செய்யலாம். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன் 100 டாலர் பந்தயம் கட்டி ராணியுடன் ஆடினார். 50 நகர்த்தல்கள் அவருக்கு அனுமதி. இயந்திரமோ நூல்கள் சொன்னபடி யானையை ராஜாவின் அருகிலேயே வைத்துக்கொள்ளவில்லை. தொலைவில் நிறுத்தித் தற்காத்தது. பிரவுன் தோற்றார். பிறகு அந்த அட்டவணையைப் பயின்று, மீண்டும் வந்து, சரியாக 50-ஆவது நகர்த்தலில் வெற்றி கண்டார்.

அடுத்த அதிர்ச்சி 1983-இல் வந்தது. இரண்டு மந்திரிகளுக்கு எதிராக ஒரு குதிரை தப்பித்துக்கொள்ளும் என்று, 1851-இல் கிளிங், ஹார்விட்ஸ் இருவரும் காட்டிய நிலையை வைத்து எல்லோரும் நம்பியிருந்தனர். பொதுவாக மந்திரிகளே வெல்லும், ஆனால் 66 நகர்த்தல்கள் வரை ஆகலாம் என்று தாம்சனின் கணக்கு காட்டியது. 132 ஆண்டு நம்பிக்கை தகர்ந்தது. வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இன்றி 50 நகர்த்தல்கள் கழிந்தால் ஆட்டம் சமன் என்பது விதி. அந்த விதியையே 1980-களில் சில இறுதியாட்டங்களுக்கு மட்டும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தளர்த்த நேர்ந்தது. 1992-இல் மீண்டும் எல்லாவற்றுக்கும் 50 என்றே வைத்தது.

காய்கள் கூடக்கூட வேலை மலைபோல் வளரும். மூன்று காய்களை 64 கட்டங்களில் வைக்க ஏறத்தாழ 2.5 லட்சம் வழிகள். நான்கு என்றால் 1.5 கோடி, ஐந்து என்றால் 91 கோடி. ஆயினும் கணிப்பொறிகளும் வளர்ந்தன. 1991-இல் லூயிஸ் ஸ்டில்லர் ஆறு காய்களில் 223 நகர்த்தல் வேண்டும் வெற்றி ஒன்றைக் கண்டார். 2012-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் லோமோனோசோவ் மீத்திறன் கணிப்பொறி ஏழு காய்களுக்குரிய அட்டவணைகளை முடித்தது. அவற்றுக்கு 140 டெராபைட் இடம் தேவைப்பட்டது. 2018-இல் 'சிசிஜி' என்னும் சுருக்கமான முறையில் அவை ஏறத்தாழ 18 டெராபைட்டில் அடங்கின. அதில் உள்ள ஏழு காய் நிலைகள் 423 லட்சம் கோடிக்கும் அதிகம்!

இன்று ஸ்டாக்ஃபிஷ் போன்ற நிரல்கள் இவ்வட்டவணையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். முன்னோக்கித் தேடும் வழியில் ஏழு காய் நிலை ஒன்று வந்தால், நிரல் அட்டவணையைப் புரட்டி விடையை எடுத்துக்கொள்கிறது. முன்னோக்கிய தேடலும் பின்னோக்கிய கணக்கும் நடுவழியில் சந்திக்கின்றன எனலாம். ஆனால் காய்கள் எட்டோ அதற்கு மேலோ இருந்தால் மதிப்பீடுதான். வலிமை குன்றியவர் எவரும் புக முடியாதபடி அரண் அமைத்துக்கொண்ட நிலையில், "நான் வெல்கிறேன்" என்று காட்டியபடியே முன்னேற முடியாமல் திண்டாடும் நிரல்களும் உண்டு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அட்டவணை விடை தரும், காரணம் சொல்லாது. அது கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்க விடைகளைப் போன்றது. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற இங்கிலாந்தின் கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் அவ்விடைகளை மாதக் கணக்கில் துருவி, மனிதர் நினைவில் கொள்ளத்தக்க முறைகளைப் பிரித்தெடுத்தார். 1990-களில் அவற்றை நூல்களாக எழுதினார். பிரவுன் 50-ஆவது நகர்த்தலில் வென்றதும் இத்தகைய உழைப்பினால்தான். அடுத்த முறை உங்கள் ஆட்டத்தை நிரலிடம் காட்டும்போது, சரியான நகர்த்தலைத் தெரிந்துகொள்வதோடு நின்றுவிடாதீர்கள். அது ஏன் சரி என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த வேலையை எந்த அட்டவணையும் உங்களுக்காகச் செய்து தராது.