நம்பியார் வேஷமும் நானூத்தி முப்பது ரூபாயும்

2024ல காமிக் கான் சென்னைக்கு வந்தாலும் வந்துச்சு, நம்ம பொட்டி தட்டுற பசங்களுக்கு ஒரு புது வியாதி. சினிமா வில்லன் மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு போய் நிக்கணும். எல்லாரும் ஜோக்கர், இல்லைன்னா தானோஸ். கவசம், முகமூடின்னு ஆயிரக்கணக்குல செலவு. ஆணி புடுங்குற சம்பளத்துல இ.எம்.ஐ. போக மிச்சம் என்னன்னு உங்களுக்கே தெரியும். மலிவா யாரு கிடைப்பான்னு யோசிச்சப்போதான், அட, நம்ம மலையில வளர்ந்த வில்லனே ஒருத்தர் இருக்காரே!

எம்.என்.நம்பியார். 1919ல கண்ணூர் பக்கம் பிறந்தவர். சின்ன வயசுலயே அப்பா தவறிட்டதால ஊட்டிக்கு வந்து, சொந்தக்காரங்க வீட்டுல இருந்து முனிசிபல் ஸ்கூல்ல படிச்சார். எங்க சோலூர்ல இருந்து பஸ் ஏறுனா போய் இறங்குற அதே ஊட்டி. பதிமூணு வயசு வாக்குல நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியில சேர்ந்து மலையை விட்டு இறங்கிட்டார்.

பட்ஜெட் வேஷத்துக்குப் பாட்டனே அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிங்கதான். பொம்பளை வேஷம் உட்பட எல்லாம் பசங்களே கட்டணும். உடுப்பு கம்பெனி சொத்து, இன்னைக்கு ஒருத்தன் போட்டதை நாளைக்கு இன்னொருத்தன் போடுவான். அட்டையில கிரீடம், மேல ஜிகினா, சமிக்கி. மூஞ்சிக்கு முத்துவெள்ளையும் அரிதாரமும். அரிதாரங்கிறது ஆர்சனிக் இருக்கிற மஞ்சள் கல்லு. விஷம்யா! 'அரிதாரம் பூசிய கலைஞன்'னு நாம பாட்டுக்கு அழகா எழுதிட்டுப் போறோம், பூசினது பத்துப் பன்னெண்டு வயசுப் பசங்க. விளக்கு வெளிச்சத்துல கடைசி வரிசைக்காரன் கண்ணுக்கு மின்னினா போதும், கிட்ட வந்து யாரு தொட்டுப் பார்க்கப் போறாங்க?

சினிமாவுல கேமரா கிட்ட வந்துடுச்சு. நல்லவேளை, கறுப்பு வெள்ளை. நல்ல பட்டா, சாயம் போன துணியான்னு சட்டுன்னு தெரியாது. 1935ல பக்த ராமதாஸ்ல தலையைக் காட்டின நம்பியார், 1950ல மந்திரி குமாரியில ராஜகுரு. அதே வருஷம் திகம்பர சாமியார்ல மட்டும் பதினோரு வேஷம் (அதுல அவர் வில்லன் கிடையாதுங்கிறது தனிக்கதை). 1951ல சர்வாதிகாரி. மூணுமே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம்.

அப்புறம் 1965, எங்க வீட்டுப் பிள்ளை. முழுக்க கலர். நம்பியார் அதுல மச்சினனை அடிச்சு சொத்தை ஆளுற அத்தான் கஜேந்திரன். கிரீடமும் இல்லை, வாளும் இல்லை, கையில ஒரு சவுக்கு. ஆனா ராஜகுருவை விட கஜேந்திரனைப் பார்த்துதான் எனக்குப் பயம். உடுப்பு குறையக் குறைய மனுஷன் கையும் புருவமும் வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைக்கிறேன். மிமிக்ரி பண்றவங்களைப் பாருங்க, நம்பியார்னா உள்ளங்கையைத்தான் பிசையறாங்க.

இதெல்லாம் புரியறதுக்கு முன்னாடியே நான் காசை விட்டுட்டேன். டிவி வந்த அட்டைப்பெட்டியில கிரீடம், பழைய ஸ்கிரீன் துணியில அங்கி (ஓசி), ஜிகினாவும் கோந்தும் 180, டோப்பா 250. ஆக 430 ரூபா. மாட்டிக்கிட்டு சோலூர் வீட்டுத் திண்ணையில பாட்டி முன்னாடி நின்னேன். நம்பியார் திரையில வந்தா மண்ணை வாரித் தூத்தின தலைமுறை. நிஜத்துல அவர் சபரிமலைக்குக் கூட்டிட்டுப் போன குருசாமின்னு சொன்னா இப்பவும் நம்பாது.

"யாரு கண்ணு இது, பூம்பூம் மாட்டுக்காரனா?"

மானம் போச்சு. எல்லாத்தையும் கழட்டி வீசிட்டு, அப்பாவோட வெள்ளைச் சட்டையைப் போட்டு, தொழுவத்துல கிடந்த கயிறை அக்குள்ல இடுக்கிக்கிட்டேன். ரெண்டு கையையும் மெதுவா பிசைஞ்சுக்கிட்டே ஒரு புருவத்தை மட்டும் தூக்கினேன்.

"அடப்பாவி, உள்ள போடா!"ன்னு கிழவி செருப்பைத் தேடுச்சு.

டிஸ்கி: டோப்பா புதுசு மாதிரியே இருக்கு, பாதி விலைக்கு யாருக்காவது வேணுமா? கயிறு தரமாட்டேன், கன்னுக்குட்டி அவுந்து கிடக்கு.