கடாரத்தின் உலைக்களம்: தொழிற்சொற்கள் வழியே ஒரு வரலாற்றுப் பாடம்

கடாரம் என்றதும் வகுப்பில் மாணவர்கள், "ராஜேந்திர சோழன் ஜெயிச்ச ஊரு, சார்!" என்பார்கள். சரிதான், அந்தப் படையெடுப்பு 1025இல் நடந்தது. ஆனால், அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கெடா இரும்புத் தொழில் நடந்த மண். தொழிற்கல்லூரிக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு நாம் அதிகம் சொல்லாத கதை இது.

சுங்கைப்பட்டாணிக்கு அருகிலுள்ள சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் அகழாய்வு செய்தனர். செம்பனைத் தோட்டத்து மண்ணுக்கடியில் இரும்பு உருக்கிய பட்டறைகள் வெளிப்பட்டன. அங்கு நடந்த வேலையை வரிசையாகச் சொன்னாலே சொற்கள் பதிந்துவிடும்.

உலை: மண்ணால் கட்டிய அடுப்பு. இரும்புத் தாதுவையும் மரக்கரியையும் இதில் போட்டு எரிப்பார்கள்.

துருத்தி: உலைக்குக் காற்றடிக்கும் கருவி. தோலும் மரமும் மக்கிப்போவதால் பழைய துருத்தி மண்ணில் கிடைப்பது அரிது.

ஊதுகுழாய்: துருத்திக் காற்றை உலைக்குள் கொண்டு சேர்க்கும் களிமண் குழாய். சுங்கை பத்துவில் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

கசடு: தாதுவிலிருந்து உருகிப் பிரியும் கழிவு. பேச்சில் 'இரும்புச் சிட்டம்' என்போம்.

சம்மட்டி, குறடு, பட்டடை: உலையிலிருந்து வரும் இரும்பு, ஓட்டை ஓட்டையான கட்டியாக இருக்கும். அதைக் குறடால் பிடித்து, பட்டடைமேல் வைத்து, சம்மட்டியால் அடித்தால்தான் மிச்சக் கசடு போகும்.

கட்டுமானத்துக்கும் பக்கத்திலேயே பாடம் உண்டு. மெர்போக்கிலுள்ள புக்கிட் பத்து பஹாட் கோயிலின் பெயரைப் பாருங்கள். மலாயில் 'பத்து' என்றால் கல், 'பஹாட்' என்றால் உளி. அங்குள்ள கருங்கல் தூண்பீடங்களில் மரத்தூண் செருகக் குழி வெட்டியிருக்கிறார்கள். மேலே இருந்த மரக்கூரை மக்கிவிட்டது. உளி வேலை நிற்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். "இதெல்லாம் நம்மாளுங்கதான் செஞ்சாங்களா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆமாம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். உலையருகே நின்றவர் என்ன மொழி பேசினார் என்பதை ஊதுகுழாய் சொல்லாது. இந்த மண்ணின் மக்களும் கடல் கடந்து வந்தவர்களும் கலந்து வாழ்ந்த துறைமுகப் பகுதி இது. அந்த வேலையைச் சொல்லத் தமிழில் சொல் இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

அடுத்த சுற்றுலாவில் இந்தச் சொற்களை அட்டையில் எழுதி ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். அருங்காட்சியகத்தில் அந்தப் பொருளையோ, அது விட்டுச்சென்ற தடயத்தையோ அவர்களே தேடட்டும். நாளை வெல்டிங் பட்டறையில் கசடு தட்டும்போது அந்தச் சொல் தானாக நினைவுக்கு வரும்.